வெள்ளி விழா நாணயத்தில் வெள்ளி இருக்கிறதா? 1977 பிரிட்டன் கிரௌனை இனங்காண, அளக்க, மதிப்பிட, பாதுகாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

உள்ளங்கைக் குழியை நிறைக்கும் அளவுக்குப் பெரிய, கனமான, வெண்ணிற நாணயம். ஒருபுறம் குதிரைமேல் அமர்ந்த அரசி. மறுபுறம் பூவேலைப்பாட்டின் நடுவே ஒரு பறவையும் கரண்டியும். இத்தனை பென்ஸ் என்றோ இத்தனை பவுண்டு என்றோ எங்கும் பொறிக்கப்படவில்லை. எந்த நாட்டு நாணயம் என்றும் எழுதப்படவில்லை. பிரிட்டனில் வாழ்ந்த உறவினர் உள்ள குடும்பங்களில் இந்த நாணயம் ஒன்றாவது எங்காவது ஒரு டப்பாவுக்குள் கிடக்கிறது. அதை எடுத்து வந்து காட்டுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் முதலில் கேட்பது, "இது வெள்ளிதானே?" என்பதுதான்.

அப்படிக் கேட்பதில் தவறில்லை. 'கிரௌன்' எனப்படும் பெரிய நாணய வகையைச் சேர்ந்த இது, பிரிட்டனின் இரண்டாம் எலிசபெத் அரசியின் 'சில்வர் ஜூபிலி'யை, அதாவது அவர் 1952 பிப்ரவரி 6 அன்று அரியணை உரிமை பெற்றதன் இருபத்தைந்தாம் ஆண்டை நினைவுகூர 1977இல் வெளியிடப்பட்டது. ஆங்கிலத்திலும் அது வெள்ளி. தமிழிலும் அது வெள்ளி விழா. ஆனால் இந்த வெள்ளி ஆண்டுக் கணக்கைக் குறிக்கும் சொல், உலோகத்தைக் குறிப்பதன்று. வெளிவந்த நாணயங்களில் மிகப் பெரும்பாலானவை 75 விழுக்காடு செம்பும் 25 விழுக்காடு நிக்கலும் கலந்தவை. மிகச் சிறிய பகுதி மட்டும் உண்மையான வெள்ளி. உங்கள் கையில் இருப்பது எது என்பதை ஊகத்துக்கு இடமின்றி நீங்களே முடிவு செய்வதற்கு வேண்டிய வரிசையைக் கீழே தருகிறேன்.

வேலைக்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் சிறிய நகைத் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சாய்த்து வைக்கக்கூடிய மேசை விளக்கு, ஒரு கண்ணாடித் தம்ளர், மெல்லிய தையல் நூல், மென்மையான பருத்தித் துணி ஆகியவை போதும். காலிப்பர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வேலை நின்றுவிடாது. மேசைமீது ஒரு துண்டை இரண்டாக மடித்து விரித்து, அதன் மேல்தான் நாணயத்தைக் கையாள வேண்டும். கிட்டத்தட்ட இருபத்தெட்டு கிராம் எடையுள்ள இந்த வட்டு கைதவறி மொசைக் தரையில் விழுந்தால், விளிம்பில் ஏற்படும் நசுங்கலை யாராலும் சரிசெய்ய முடியாது. நாணயத்தை எப்போதும் விளிம்பைப் பிடித்தே தூக்குங்கள். முகத்தில் விரல் படக் கூடாது.

முதல் படி: பூவையும் தலையையும் படித்தல்

தலைப்பக்கத்தில் குதிரையின்மீது அரசி அமர்ந்திருக்கிறார். சுற்றிலும் 'எலிசபெத் இரண்டு', 'டி.ஜி. ரெக்.', 'எஃப்.டி.' என்ற சுருக்கங்களும் 1977 என்ற ஆண்டும் இருக்கும். இவை லத்தீன் சொற்களின் சுருக்கங்கள்; 'இறையருளால் அரசி, நம்பிக்கையின் காவலர்' என்பது பொருள். இரண்டு பக்கங்களையும் வடிவமைத்தவர் ஆர்னால்ட் மச்சின் என்ற சிற்பி. பிரிட்டன் அஞ்சல்தலைகளில் பல பத்தாண்டுகள் இடம்பெற்ற அரசியின் பக்கத்தோற்றமும் அவர் கைவண்ணமே. குதிரைமேல் அரசி என்ற யோசனை புதிதன்று. 1953 முடிசூட்டு விழாவுக்காக கில்பர்ட் லெட்வர்ட் வடித்த கிரௌனிலும் அரசி குதிரையில்தான் வந்தார். 1977 நாணயம் அதை வேண்டுமென்றே நினைவூட்டுகிறது.

பூப்பக்கம்தான் இந்த நாணயத்தின் உண்மையான அழகு என்பது என் கருத்து. கைலென்ஸை வைத்துப் பாருங்கள். பறவை என்று தோன்றுவது உண்மையில் கழுகு வடிவில் செய்யப்பட்ட பொற்குடுவை. அதிலுள்ள புனித எண்ணெய் கழுகின் அலகு வழியாக வெளியே வரும். அதை ஏந்துவது அருகிலுள்ள கரண்டி. முடிசூட்டு விழாவில் பேராயர் இந்தக் கரண்டியிலிருந்து எண்ணெய் தொட்டு அரசருக்குப் பூசுவார். குடுவை 1661இல் இரண்டாம் சார்லஸின் முடிசூட்டுக்காகச் செய்யப்பட்டது. கரண்டியோ 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1649இல் முதலாம் சார்லஸ் கொல்லப்பட்ட பின் மன்னராட்சியை ஒழித்தவர்கள் பழைய மணிமுடிகளையும் அணிகளையும் உருக்கியபோது, இந்தக் கரண்டியை அரண்மனைப் பணியாளர் ஒருவர் விலைக்கு வாங்கி வைத்திருந்து, மன்னராட்சி திரும்பியதும் ஒப்படைத்தார். 1953 ஜூன் 2 அன்று முடிசூட்டு விழா தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது, எண்ணெய் பூசும் இந்தச் சடங்கை மட்டும் விதானத்தின்கீழ் மறைத்து, படக்கருவிக்குக் காட்டாமல் விட்டார்கள். உலகம் பார்க்காத அந்தக் கணத்தின் கருவிகளைத்தான், இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, மச்சின் கோடிக்கணக்கானோர் கையில் கொடுத்தார்.

படித்து முடித்ததும் ஒரு சரிபார்ப்பு. நாணயத்தில் ஏதாவது நாட்டின் பெயர் இருந்தால் அது பிரிட்டன் வெளியிட்ட கிரௌன் அன்று. அதே 1977இல் மான் தீவு, ஜெர்சி, கெர்ன்சி, ஜிப்ரால்டர் போன்ற பல ஆட்சிப் பகுதிகள் தத்தம் பெயரில் வெள்ளி விழா நாணயங்களை வெளியிட்டன. கனடாவும் மேலவையின் அரியணையைப் பூப்பக்கத்தில் பொறித்து ஒரு டாலர் நாணயம் வெளியிட்டது. ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் குறுக்களவும் 23.3 கிராம் எடையும் கொண்ட அந்தக் கனடா டாலரில் பாதி உண்மையான வெள்ளி. ஆகவே பிரிட்டன் நாணயத்துக்கு நான் கீழே சொல்லும் எண்களை மற்ற நாட்டு நாணயங்களோடு பொருத்திப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இரண்டாம் படி: எந்த வகை என்று பிரித்தல்

1977 பிரிட்டன் கிரௌனில் மூன்று வகைகள் உண்டு. பொதுமக்களுக்காக அச்சிட்ட செப்பு-நிக்கல் நாணயம் முதல் வகை. வேல்ஸின் லாண்ட்ரிசன்ட் நகரிலுள்ள பிரிட்டன் அரசு நாணயச் சாலையான ராயல் மின்ட் இவ்வகையில் சுமார் 3.7 கோடி நாணயங்களை அடித்துத் தள்ளியது. அன்று பிரிட்டனின் மக்கள்தொகை ஏறத்தாழ 5.6 கோடி. குழந்தை குட்டிகளையும் சேர்த்து மூன்று பேருக்கு இரண்டு நாணயம் என்ற கணக்கு இது. இந்த ஓர் எண்ணை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் விலை பற்றி எழும் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது, அந்த ஆண்டின் ப்ரூஃப் தொகுப்பில் மற்றச் சில்லறை நாணயங்களோடு சேர்த்து விற்கப்பட்ட செப்பு-நிக்கல் ப்ரூஃப். மெருகேற்றிய அச்சால் தனிக் கவனத்துடன் அடிக்கப்பட்ட நாணயத்தைத்தான் ப்ரூஃப் என்கிறார்கள். அதன் சமதளப் பகுதி கண்ணாடிபோல் முகம் காட்டும். மூன்றாவது, 925 தர வெள்ளியில் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) அடித்துப் பெட்டியில் வைத்து விற்ற ப்ரூஃப். இது சுமார் 3.77 லட்சம்.

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். கண்ணாடிபோல் பளபளக்கிறதே, ஆகவே வெள்ளி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். செப்பு-நிக்கல் ப்ரூஃபும் அப்படியே பளபளக்கும். நாணயம் பெட்டியில் இருப்பதும் சான்றாகாது, ஏனென்றால் பெட்டிகளை மாற்றி வைப்பது எளிது. வெள்ளிப் பாத்திரங்களில் இருக்கும் தர முத்திரை பிரிட்டன் நாணயங்களில் பொறிக்கப்படுவதில்லை. ஆகவே அது இல்லை என்பதை வைத்தும் எதையும் முடிவு செய்ய இயலாது. காந்தமும் உதவாது: செப்பு-நிக்கலும் காந்தத்தில் ஒட்டாது, வெள்ளியும் ஒட்டாது. ஒட்டினால் அது போலி என்று மட்டும் தெரியும்.

மூன்றாம் படி: எடையும், எடை ஏமாற்றும் விதமும்

நாணயத்தைத் தராசில் வையுங்கள். 28.28 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். குறுக்களவு 38.61 மில்லிமீட்டர். விளிம்பில் எழுத்து எதுவும் இல்லாமல், வரிவரியான வெட்டு மட்டும் இருக்க வேண்டும்.

எண் சரியாக வந்துவிட்டது, ஆகவே வெள்ளி என்று மகிழ்ந்துவிடாதீர்கள். செப்பு-நிக்கல் கிரௌனின் எடையும் 28.28 கிராம், வெள்ளிக் கிரௌனின் எடையும் 28.28 கிராம், குறுக்களவும் ஒன்றே. வெள்ளி அடர்த்தி மிகுந்த உலோகம் என்பதால், அதே எடையைக் கொண்டுவர வெள்ளி நாணயம் சற்று மெலிதாக இருக்கும். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காத கண்ணுக்கு அந்த வேறுபாடு புலப்படாது. எடை உங்களுக்குச் சொல்வது வேறொன்று. பொன்னிறத்தில் ஒரு 1977 கிரௌன் கிடைத்து அதுவும் 28 கிராமே நின்றால், அது தங்கம் அன்று, மேற்பூச்சு. இதே பருமனுள்ள நாணயம் 22 காரட் தங்கத்தில் இருந்தால் ஐம்பது கிராமைத் தாண்டிவிடும். பிற்காலத்தில் யாரோ பூசிய முலாம் நாணயத்தின் மதிப்பைக் குறைக்குமேயன்றி ஒரு பென்ஸ்கூடக் கூட்டாது.

நான்காம் படி: தண்ணீரில் நிறுத்தல்

உலோகத்தை உறுதியாகச் சொல்வது அடர்த்தி. அதை வீட்டுச் சமையலறை மேசையிலேயே அளந்துவிடலாம். ஆனால் மூடிய பெட்டியிலோ பிளாஸ்டிக் கூட்டிலோ உள்ள ப்ரூஃப் நாணயத்தை இதற்காக வெளியே எடுக்காதீர்கள். ஒருமுறை திறந்தாலே அதன் கண்ணாடிப் பரப்புக்கு ஆபத்து. ஏற்கெனவே வெளியே கிடக்கும் நாணயத்துக்கு மட்டுமே இந்தச் சோதனை. முதலில் கையிலுள்ள ஏதாவது மலிவான நாணயத்தை வைத்து இரண்டு முறை பழகிக்கொள்வதும் நல்லது.

தம்ளரில் முக்கால் அளவு காய்ச்சி வடித்த நீர் ஊற்றித் தராசின்மேல் வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். நூலில் ஒரு சுருக்குப் போட்டு நாணயத்தைக் கட்டி, நூலைக் கையில் பிடித்தபடி மெல்ல நீருக்குள் இறக்குங்கள். நாணயம் முழுவதும் மூழ்க வேண்டும். தம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. அடியைத் தொட்டுவிட்டால் தராசு நாணயத்தின் எடையையும் சேர்த்துக் காட்டிவிடும். சிறிது பொறுத்து, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை நூலை லேசாக அசைத்து உதிர்த்த பின் எண்ணைப் படியுங்கள். நாணயம் விலக்கிய நீரின் எடை அதுதான்.

இப்போது 28.28ஐ அந்த எண்ணால் வகுக்க வேண்டும். தராசு சுமார் 3.17 கிராம் காட்டினால் விடை ஏறத்தாழ 8.9, அது செப்பு-நிக்கல். சுமார் 2.74 கிராம் காட்டினால் விடை 10.3ஐ ஒட்டி வரும். அது 925 தர வெள்ளி. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ அரை கிராம் வேறுபாடு இருப்பதால் சாதாரண நகைத் தராசே போதுமானது. கை நடுங்கினால் எண் தாவும் என்பதால், நூலை ஓர் அகப்பைக் காம்பில் கட்டி, காம்பை இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே பாலம்போல் வைத்துவிடுவேன். எண் அசையாமல் நிற்கும். முடிந்ததும் நாணயத்தைத் துணியில் வைத்து ஒற்றி எடுங்கள். துடைக்கக் கூடாது, ஒற்ற மட்டுமே வேண்டும்.

ஐந்தாம் படி: நிலையை மதிப்பிடுதல்

அறையின் பொது விளக்கை அணைத்து, மேசை விளக்கை ஒருபக்கமாகச் சாய்த்து, நாணயத்தை அதன்கீழ் மெதுவாகச் சுழற்றுங்கள். உயர்ந்து நிற்கும் இடங்கள்தாம் முதலில் தேயும்: அரசியின் முழங்கால், குதிரையின் தோள், பூப்பக்கத்தில் கழுகின் மார்பு. அங்கெல்லாம் சுழலும் ஒளி தடையின்றி ஓடினால் நாணயம் புழங்கப்படவில்லை என்று பொருள். புழங்காத நாணயத்திலும் சிறு கீறல்கள் இருக்கும். அச்சிட்ட கையோடு மூட்டை மூட்டையாகக் கொட்டியபோது ஒன்றோடொன்று மோதி ஏற்பட்டவை அவை. நிலை நன்றாக இருப்பது இந்த நாணயத்தைப் பொறுத்தவரை அரிய சிறப்பன்று. வாங்கியவர் எவரும் இதைச் செலவு செய்யாமல் இழுப்பறையில் வைத்துக்கொண்டதால், தேய்ந்து போன 1977 கிரௌனைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆறாம் படி: விலை

முகமதிப்பு 25 பென்ஸ். பழைய கிரௌனின் மதிப்பு ஐந்து ஷில்லிங். 1971 பிப்ரவரி 15 அன்று ஒரு பவுண்டுக்கு நூறு பென்ஸ் என்ற பதின்மக் கணக்கு வந்தபோது அது 25 பென்ஸ் ஆயிற்று. 1990 முதல் வந்த கிரௌன்களின் முகமதிப்பு ஐந்து பவுண்டு என்பதால், பழையதும் அவ்வாறே என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. 1977 நாணயம் இன்றும் சட்டப்படி செல்லும். ஆனால் எந்தக் கடைக்காரரும் அதை வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சேகரிப்போர் சந்தையில் செப்பு-நிக்கல் கிரௌன் ஒன்றிரண்டு பவுண்டைத் தாண்டுவது அரிது. இணையத்தில் சிலர் இதற்கு நூற்றுக்கணக்கில் விலை சொல்லியிருப்பதைப் பார்க்கலாம். சொன்ன விலைக்கும் விற்ற விலைக்கும் தொடர்பில்லை. ஆகவே ஈபே போன்ற தளங்களில் 'விற்று முடிந்தவை' என்று வடிகட்டி, உண்மையில் பணம் கைமாறிய விலைகளை மட்டும் பாருங்கள்.

வெள்ளிப் ப்ரூஃபுக்குக் கணக்கு வேறு. 28.28 கிராமில் 92.5 விழுக்காடு என்றால் 26.16 கிராம் தூய வெள்ளி, அதாவது 0.841 ட்ராய் அவுன்ஸ். ட்ராய் அவுன்ஸ் (ஏறத்தாழ 31.1 கிராம்) ஒன்றுக்கு அன்று வெள்ளி விற்கும் விலையை இதனால் பெருக்கினால் அடிப்படை விலை கிடைக்கும். பெட்டியும் சான்றிதழும் குறையின்றி இருந்தால் அதற்குமேல் சிறிது கிடைக்கலாம், 3.77 லட்சம் நாணயங்கள் இருக்கையில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

பழைய அரச விழா நாணயங்களும் உங்களிடம் இருந்தால் ஒரு பொதுக் கணக்கு உதவும். பிரிட்டனின் வெள்ளி நாணயங்கள் 1919 வரை 925 தரம். 1920 முதல் 1946 வரை பாதி வெள்ளி. 1947 முதல் செப்பு-நிக்கல். எனவே ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி விழாவுக்காக 1935இல் வந்த கிரௌன் பெயரிலும் வெள்ளி, உடலிலும் பாதி வெள்ளி. பெர்சி மெட்காஃப் வடித்த அதன் பூப்பக்கத்தில் புனித ஜார்ஜ் ஏறியிருக்கும் குதிரை மரப்பாச்சிபோல் விறைத்து நிற்பதால், அதை 'ஆடுகுதிரைக் கிரௌன்' என்று கேலி செய்தார்கள். எனக்கு அந்த விறைப்புதான் பிடிக்கும். அதன் தலைப்பக்கத்திலுள்ள 'இண்ட். இம்ப்.' என்ற சுருக்கம் 'இந்தியாவின் பேரரசர்' என்பதைக் குறிக்கிறது. 714,769 மட்டுமே அடிக்கப்பட்ட அதன் விளிம்பில் 'அழகும் காப்பும்' என்று பொருள்படும் லத்தீன் வாசகம் உள்ளது. பெரும்பாலானவற்றில் எழுத்து பள்ளமாக வெட்டப்பட்டிருக்கும். மேடாக எழும்பியிருந்தால் அது 925 வெள்ளியில் வந்த 2,500 ப்ரூஃப்களில் ஒன்றாக இருக்கக்கூடும், உடனே தக்க வணிகரிடம் காட்டுங்கள். மாறாக, அரசியின் திருமண வெள்ளி விழாவுக்கு 1972இல் வந்த கிரௌன், 1981இல் சார்லஸ்-டயானா திருமணத்துக்கு வந்த கிரௌன் ஆகியவற்றின் பொது வெளியீடுகள் 1977ஐப் போலவே செப்பு-நிக்கல்.

முகமதிப்பைப் பொறிக்காமல் விடுவதன் விளைவை பிரிட்டன் முன்பே ஒருமுறை அனுபவித்திருக்கிறது. 1887இல் விக்டோரியாவின் பொன்விழாவுக்கு வந்த ஆறு பென்ஸ் வெள்ளி நாணயம், அரை சாவரின் என்ற தங்க நாணயத்தை அப்படியே ஒத்திருந்தது, மதிப்பு எழுதப்படவில்லை. சிலர் அதற்குத் தங்க முலாம் பூசி அரை சாவரின் என்று தள்ளிவிடத் தொடங்கவே, அந்த வடிவத்தைக் கைவிட்டு 'ஆறு பென்ஸ்' என்று எழுத்திலேயே பொறிக்க வேண்டியதாயிற்று.

ஏழாம் படி: தேய்க்காமல் வைத்திருத்தல்

நம் வீடுகளில் வெள்ளிப் பாத்திரம் கறுத்தால் திருநீற்றைத் தொட்டுத் தேய்ப்போம், பித்தளை மங்கினால் புளியைக் கரைப்போம். விளக்குக்கு அது சரி. நாணயத்துக்கு அது கொலை. முன்னொரு காலத்தில் நான் 1937ஆம் ஆண்டுக் கிரௌன் ஒன்றைத் திருநீறு போட்டுப் பளபளவென்று ஆக்கி, ஒரு வணிகரிடம் பெருமையோடு நீட்டினேன். அவர் அதை விளக்கின்கீழ் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தராசில் வைத்து, உள்ளிருக்கும் வெள்ளியின் விலையை மட்டும் சொன்னார். லென்ஸை வாங்கிப் பார்த்தபோது அரசரின் கன்னம் முழுவதும் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்தன.

1977 நாணயங்கள் பல பிளாஸ்டிக் உறையில் வந்தவை. பி.வி.சி. வகை உறையானால் காலப்போக்கில் அது பிசுபிசுப்பான பச்சைப் படலத்தை உண்டாக்கும். அதைக் கண்டால் நாணயத்தைத் தூய அசிட்டோனில் சிறிது நேரம் ஊறவைத்து எடுத்துத் தானாக உலரவிடலாம். சன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்கு எட்டாத இடத்தில் இதைச் செய்யுங்கள். நெயில்பாலிஷ் நீக்கியில் வேறு பொருள்கள் கலந்திருப்பதால் அது ஆகாது. பிறகு நாணயத்தைப் பி.வி.சி. கலவாத உறையிலோ, 39 மில்லிமீட்டர் வட்டக் கூட்டிலோ இட்டு, சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கடற்கரை ஊர்களில் அந்தப் பொட்டலத்தை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் மாற்ற வேண்டும்.

கடைசியாக டப்பாவுக்குள் ஒரு சீட்டு. நாணயத்தின் வகை, எடை, நீரில் காட்டிய எண், அளந்த தேதி, யாரிடமிருந்து எப்போது வந்தது ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி, நாணயத்தைத் தொடாதபடி உறைக்கு வெளியே வையுங்கள். செப்பு-நிக்கல் என்றால் அதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள்; அடுத்து இந்த டப்பாவைத் திறப்பவர் மீண்டும் தம்ளரும் நூலும் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.